வெல்லம் தரும் பாடம்



பொங்கல் திருநாளன்று புதுப்பானையில் பால் பொங்கி வழிந்ததும், அதனுள் இடப்பெறும் பொருள்களில் தலையாயவை இரண்டு. ஒன்று புத்தரிசி, மற்றொன்று வெல்லம். நல்ல செய்தி கொண்டு வந்தவரை நோக்கி, ‘உம் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்’ என்று கூறுவது நம் வழக்கு. விரும்பிய செயலைச் செய்யத் தயங்குபவனைப் பார்த்து, ‘கரும்பு தின்னக் கூலியா?’ என்று கேட்பதும் நம் வழக்கே. கரும்பும் அதன் கட்டியும் நம் விழாவிலும் உணவிலும் மட்டுமன்றி, மொழியிலும் கலந்து நிற்கின்றன.

இவ்வளவு நெருங்கிய பொருளைப் பற்றி இக்காலத்தில் இருவேறு கூற்றுகள் வழங்குகின்றன. ‘வெல்லம் இரத்தத்தைப் பெருக்கும், நுரையீரலைத் தூய்மை செய்யும், நீரிழிவு உடையவரும் அஞ்சாமல் உண்ணலாம்’ என்பார் ஒரு சாரார். ‘வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே, நிறத்தில்தான் வேற்றுமை’ என்பார் மற்றொரு சாரார். இவற்றுள் எது உண்மை? வரலாற்றை ஒரு கையிலும் அறிவியலை மறு கையிலும் பற்றிக்கொண்டு ஆராய்வோம். நம் உடல்நலத்தைப் பொறுத்த செய்தியாதலின், விருப்பு வெறுப்பு இன்றி ஆராய்தல் வேண்டும்.

நாம் மென்று சுவைக்கும் கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பது தாவர நூலார் கண்ட முடிபு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் அதனைப் பயிரிட்டனர். அங்கிருந்து அது கடல் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவியது. ஆயினும் கரும்பைப் பிழிந்து, சாற்றைக் காய்ச்சி, கட்டியாகவும் பரலாகவும் ஆக்கும் கலை சிறந்து வளர்ந்த நாடு இந்தியாவே. இக்கலையின் அருமையை எண்ணிப் பாருங்கள். பிழிந்த கரும்புச்சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அச்சாற்றிலுள்ள நீரைத் தீயினால் போக்கிவிட்டால், எஞ்சும் கட்டி பல மாதங்கள் கெடாமல் நிற்கும். ஒரு பருவத்தின் இனிமையை ஆண்டு முழுவதும் காத்து வைக்கும் வழி இது. ஆதலின் வெல்லம் முதற்கண் ஒரு சேமிப்பு முறை என்பதை மனத்திற் கொள்க.

தமிழகத்தில் இக்கலையின் தொன்மைக்குச் சங்க நூல்கள் சான்று பகர்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொண்டுவந்தனர் என்னும் செய்தியை ஒளவையார் புறநானூற்றில் குறித்துள்ளார். கரும்பைப் பிழியும் பொறிக்கு ‘எந்திரம்’ என்றே பெயர் வழங்கிற்று. அதன் ஒலியை யானையின் பிளிற்றலோடு புலவர் ஒப்பிட்டனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணர், வழியில் பாகு காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகளைக் காண்பர் என்றும், அங்கே அவர்கள் கரும்புச்சாறு பருகலாம் என்றும் கூறுகிறது. வழிப்போக்கர்க்கு விலையின்றிச் சாறு வழங்கிய ஆலைகள் அவை.

ஆனால் கரும்பு எல்லா ஊரிலும் விளைவதன்று. நீர்வளம் மிக்க நிலத்திலேயே விளைவது. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்னும் பழமொழி இதனை உணர்த்துகிறது. கரும்பாலை இல்லாத ஊரில் இலுப்பைப் பூவின் இனிமையே பெரிது. பனை மிகுந்த நாட்டில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்தனர். பழங்காலத்தில் இனிப்பு அரிய பொருளாகவே இருந்தது என்பதற்கு இப்பழமொழி ஒன்றே போதிய சான்றாகும். இவ்வருமையைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

வடமொழி நூல்களும் இக்கலையை விரித்துரைக்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் கரும்பிலிருந்து பெறும் பொருள்களைப் பாணிதம், குடம், மச்சண்டிகை, கண்டம், சர்க்கரை என ஐந்தாக வகுத்துக் கூறுகிறது. பாணிதம் என்பது பாகு. குடம் என்பது வெல்லம். ஏனைய மூன்றும் படிப்படியாகத் தெளிந்து பரலாக உறைந்த நிலைகள். ‘சர்க்கரை’ என்ற சொல்லுக்குச் சிறுகல், பரல் என்பதே முதற்பொருள். அச்சொல் பாரசீகத்தில் ‘ஷக்கர்’ ஆகி, அரபியில் ‘சுக்கர்’ ஆகி, ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. ‘கண்டம்’ என்ற சொல்லே அவ்வாறு பயணம் செய்து ‘கேண்டி’ ஆயிற்று. வெல்லத்தைக் குறிக்கும் ‘ஜாக்கரி’ என்னும் ஆங்கிலச் சொல்லோ, மலையாளக் கரையில் வழங்கிய ‘சக்கர’ என்னும் சொல்லைப் போர்த்துக்கீசியர் தம் வாயில் மாற்றியதனால் வந்தது. ஒரு பொருள் எங்கிருந்து எங்குச் சென்றது என்பதை அதன் பெயரே காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

மேலை நாட்டார் இந்தியக் கரும்பைக் கண்டு வியந்தனர். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசு, தேனீக்கள் இன்றியே தேன் தரும் நாணல்கள் இந்நாட்டில் உள்ளன என்று கூறியதாக ஸ்டிராபோ எழுதி வைத்துள்ளார். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, அந்நாளில் உரோமில் சர்க்கரை மருந்துக்காக மட்டுமே பயன்பட்டது என்று குறிக்கிறார். கீழ்த்திசையிலோ, சீனப் பேரரசர் தைசோங் கி.பி. 647-இல் மகத நாட்டிற்கு ஆட்களை அனுப்பிச் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் செய்தார். அவ்வாறு நம்மிடம் கற்ற நாட்டின் பெயரால் பிற்காலத்தில் நாம் சர்க்கரையைச் ‘சீனி’ என்று அழைக்கத் தொடங்கியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனி, வெல்லம் செய்யும் முறையைச் சிறிது காண்போம். வெட்டிய கரும்பை ஆலையிலிட்டுப் பிழிவர். முற்காலத்தில் மாடுகள் ஆலையைச் சுற்றின. பின்னர் எண்ணெய்ப் பொறியும் மின்பொறியும் வந்தன. சாற்றை வடிகட்டி, அகன்ற இரும்புக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவர். பிழிந்து உலர்த்திய கரும்புச் சக்கையே விறகாகும். எனவே கரும்பு தன்னைத் தானே சமைத்துக்கொள்கிறது எனலாம். சிறிது சுண்ணாம்பு சேர்த்துச் சாற்றின் புளிப்பை மாற்றுவர். வெண்டைச் செடியின் தண்டைப் பிழிந்த கொழகொழப்பான நீரைச் சேர்த்தால், சாற்றிலுள்ள அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே மிதக்கும்; அதனை அகப்பையால் அள்ளி நீக்குவர். பாகு பதத்திற்கு வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி ஆறவைத்துக் கட்டுவர். அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம். கையால் உருட்டினால் உருண்டை வெல்லம். துழாவித் தூளாக்கினால் நாட்டுச் சர்க்கரை. நூறு கிலோ கரும்பிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ வெல்லம் கிடைக்கும். ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியில் விளையும் நாட்டுச் சர்க்கரை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பயன்படுவதைப் பலர் அறிவர்.

வெல்லம் செய்கையில் சாற்றிலுள்ள நீர் மட்டுமே பெரும்பாலும் நீங்குகிறது. ஏனைய பொருள்கள் கட்டியிலேயே தங்குகின்றன. வெள்ளைச் சர்க்கரையின் வழி வேறு. 1813-இல் எட்வர்டு சார்லசு ஓவர்டு என்னும் ஆங்கிலேயர், காற்றை நீக்கிய மூடுகொப்பரையில் குறைந்த வெப்பத்தில் பாகு காய்ச்சும் முறையைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், விரைந்து சுழலும் பொறியில் பாகை இட்டு, படிகத்தை வேறாகவும் கழிவுப்பாகை வேறாகவும் பிரிக்கும் முறை வந்தது. படிகம் வெண்மையாயிற்று, உப்புச் சத்துகளோ கழிவுப்பாகோடு போயின. வெண்மைக்கு நாம் கொடுத்த விலை அதுவே.

நம் மாநிலத்தில் 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை எழுந்தது. அக்காலச் சென்னை மாகாணத்தின் வடகோடியில், கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரிலும் ஆலை அமைந்தது. அங்கிருந்து வந்த வெள்ளைச் சர்க்கரையைத் தமிழ் மக்கள் ‘அஸ்கா’ என்றே அழைத்தனர். உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள்; சிலர் இன்னும் அப்பெயரைச் சொல்லக்கூடும்.

வெண்சர்க்கரையின் வரலாற்றில் கண்ணீரும் கலந்துள்ளது. ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்தபின், 1834 முதல் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்த முறையில் மொரீசியசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பெற்றனர். அவ்வாறு சென்றோர் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டிரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. பிஜித் தீவிலும் அவ்வாறே நடந்தது. அங்கு ஒப்பந்தங்கள் 1920-இல்தான் முற்றும் நீக்கப்பெற்றன. உலகச் சந்தையில் சர்க்கரை மலிவாகக் கிடைத்ததற்கு அம்மக்களின் உழைப்பும் ஒரு காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

இந்தியாவில் 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டத்தின் காப்பு கிடைத்தது. ஏறத்தாழ முப்பதாக இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் நூற்று முப்பதைக் கடந்தன. இவ்வளர்ச்சிக்கு முன்னரே, 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியிருந்தது. அங்கு பார்பர், வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் இனிய கரும்பையும் காட்டில் வளரும் பேய்க்கரும்பையும் இணைத்துப் புது வகைகளை உருவாக்கினர். 1918-இல் வெளிவந்த ‘கோ 205’ அவற்றுள் புகழ் வாய்ந்தது. தாவர நூல் மேதையாகிய ஜானகி அம்மாளும் அங்குப் பணியாற்றியவரே. ஆலைச் சர்க்கரைக்கும் ஊர் வெல்லத்திற்கும் இன்று பயன்படும் கரும்பு இவ்வுழைப்பின் விளைவு.

ஆலைகள் பெருகிய அதே காலத்தில் காந்தியடிகள் வேறொரு வினாவை எழுப்பினார். சிற்றூர் மக்கள் தம் கையால் செய்த வெல்லத்தை விட்டு, ஆலைச் சர்க்கரையை விலை கொடுத்து வாங்குவது முறையோ என்பது அவ்வினா. 1934-இன் இறுதியில் அவர் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தைத் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்தினார். பனைவெல்லம் செய்வதை அவர் பெரிதும் வற்புறுத்தினார். பனை, உழவுக்கு உதவாத நிலத்திலும் வளர்வது. ஆதலின் நல்ல நிலத்தை உணவுப் பயிருக்கு விட்டுவிடலாம் என்பது அவர் கருத்து. வெல்லத்தைப் பற்றிய வாதம் உடல்நலத்தோடு நில்லாமல், தொழிலையும் நிலத்தையும் பற்றியதாகவும் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

இப்பொழுது நம் முதல் வினாவிற்கு வருவோம். வெள்ளைச் சர்க்கரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் சுக்ரோசு என்னும் இனிப்புப் பொருளே உள்ளது. வெல்லத்திலோ சுக்ரோசு ஏறத்தாழ 65 முதல் 85 பங்கு. குளுக்கோசும் பிரக்டோசும் பத்துப் பங்கை ஒட்டி. எஞ்சியவை ஈரமும் சிறிதளவு உப்புச் சத்துகளும். அவ்வுப்புகளுள் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவை அடங்கும். ஆகவே ‘இரண்டும் ஒன்றே’ என்பது பிழை. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு இரண்டிலும் இனிப்பே ஆதலின், ‘இரண்டும் முற்றிலும் வேறு’ என்பதும் பிழையே. நூறு கிராம் வெல்லம் தரும் ஆற்றல் 350 முதல் 385 கலோரி வரை. சர்க்கரை தருவது 400 கலோரியை ஒட்டியது. வேற்றுமை மிகச் சிறிது.

இரும்புச் சத்தைப் பற்றி நன்கு கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு கிராம் வெல்லத்தில் உள்ள இரும்பின் அளவு நூலுக்கு நூல் மாறுபடுகிறது. மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு என்று ஒரு நூலும், பதினொன்று என்று மற்றொரு நூலும் காட்டும். கரும்பு விளைந்த மண்ணும், காய்ச்சிய கொப்பரையும் மாறுபட, இவ்வளவும் மாறும். நாம் ஐந்து மில்லிகிராம் என்று கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வளர்ந்த பெண் ஒருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம். அதனை வெல்லத்தினாலேயே பெற வேண்டுமாயின், அவள் 580 கிராம் வெல்லம் உண்ண வேண்டும்! அதில் கிடைக்கும் ஆற்றலோ 2,000 கலோரிக்கும் மேல். ஒரு நாளைய உணவு முழுவதையும் வெல்லமாகவே உண்பது யாரால் இயலும்? இயன்றாலும் அது நலமாகுமா?

இக்கணக்கை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். இவர்களுள் உங்களைப் போன்ற மாணவியரும் அடங்குவர். வகுப்பில் சோர்ந்து அமரும் மாணவியிடம் ‘தினமும் ஒரு கட்டி வெல்லம் தின்றால் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவள் நோய் தீராது, காலம்தான் வீணாகும். அவள் குருதியைச் சோதிக்க வேண்டும். பள்ளிகளில் வழங்கும் இரும்பு மாத்திரையை உண்ண வேண்டும். கீரை, பயறு, கேழ்வரகு, இயன்றோர் இறைச்சி, முட்டை ஆகியவற்றை உணவில் சேர்க்க வேண்டும். இவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்பும் உயிர்ச்சத்து ‘சி’யும் உடைய கனிகளை உண்டால், இரும்பு உடலில் நன்கு சேரும். வெல்லம் இவற்றுக்குத் துணையாகலாம், பதிலாகாது.

நுரையீரலைப் பற்றிய கூற்றுக்கும் ஓர் அடிப்படை உண்டு. இலக்னோவில் நச்சியல் ஆய்வு நடத்திய அறிஞர் சிலர், நிலக்கரித் தூசு முதலியவை புகுந்த எலிகளுக்கு வெல்லம் கொடுத்தபோது, அவற்றின் நுரையீரலிலிருந்து தூசு விரைந்து வெளியேறுவதைக் கண்டு 1994-இல் வெளியிட்டனர். அது மதிக்கத்தக்க ஆய்வே. ஆயினும் எலியிடம் கண்டது மனிதரிடம் மெய்ப்பிக்கப்பெறும் வரையில் அது ஒரு குறிப்பே அன்றி முடிபு ஆகாது. சுரங்கத்திலும் ஆலையிலும் பணிபுரிவோர்க்கு வேண்டியது தூசு புகாத முகக்காப்பும் நல்ல காற்றோட்டமும். அவற்றைக் கொடாமல் வெல்லத்தைக் கொடுப்பது அறமன்று.

நீரிழிவு உடையவர்க்கு வெல்லம் தீங்கற்றது என்பதோ, மூன்று கூற்றுகளுள் மிகவும் அஞ்சத்தக்கது. வெல்லத்திலுள்ள சுக்ரோசும் குளுக்கோசும் குருதியில் சர்க்கரையை விரைந்து உயர்த்துவனவே. இதனைப் புதிய அறிவியல் மட்டுமே கூறவில்லை. நீரிழிவு முதலிய பிரமேக நோய்களுக்குக் காரணம் கூறும் இடத்தில் சரக சம்கிதை, உடல் உழைப்பின்றிச் சுகமாக அமர்ந்திருத்தல், மிகுந்த உறக்கம், தயிர், புதுத் தானியம் ஆகியவற்றோடு வெல்லத்தாற் செய்த பண்டங்களையும் எண்ணிச் சொல்கிறது. ‘பழைய உணவு, பழைய மருத்துவம்’ என்று வெல்லத்தைப் போற்றுவோர், அப்பழைய நூல் விடுத்த எச்சரிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டாவோ? முன்னோர் சொல்லில் நமக்கு இனிப்பதை மட்டும் எடுத்துக்கொள்வது முன்னோரை மதிப்பதாகாது.

அவ்வாறாயின் வெல்லத்திற்குச் சிறப்பே இல்லையா? உண்டு. அச்சிறப்பு வெல்லத்தில் மட்டும் இல்லை. அதனோடு நம் முன்னோர் எதைச் சேர்த்தார்கள் என்பதில் உள்ளது. பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும். கொழுக்கட்டையில் தேங்காயும் எள்ளும். கேழ்வரகு மாவில் வெல்லம். பானகத்தில் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் உண்டு; நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராமை ஒட்டிய புரதம் உண்டு. இவற்றைப் பிள்ளைகள் விரும்பி உண்ணும்படி செய்வது வெல்லம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எண்ணுக. அங்குச் சத்தைத் தருவது கடலை, அதனைப் பற்றி நிறுத்துவது வெல்லம்.

மற்றொரு சிறப்பு அளவு. ஆலையில்லா ஊரின் பழமொழியை மீண்டும் நினையுங்கள். அக்காலத்தில் இனிப்பு விழா நாளுக்கு உரியது. நாள்தோறும் பலமுறை பருகும் பானங்களிலும் தின்பண்டங்களிலும் மறைந்து வருவதன்று. உண்டவரும் நிலத்தில் நெடுநேரம் உழைத்தனர். இன்று உழைப்பு குறைந்தது, இனிப்பு பெருகியது. உலக நல நிறுவனம் 2015-இல் வகுத்த நெறிப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளைய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அதில் பாதியாகக் குறைப்பின் மேலும் நன்று. 2,000 கலோரி உண்பவர்க்கு இது 50 கிராம். பாதியெனின் 25 கிராம். வெல்லமும் தேனும் இக்கணக்கில் அடங்குவனவே. பற்களும் வெல்லம் என்று பார்த்து விலக்கு அளிப்பதில்லை. உண்டபின் வாய் கொப்புளித்தல் நன்று.

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். பொன்னிறமாகப் பளபளக்கும் வெல்லமே உயர்ந்தது என்ற எண்ணத்தால், சிலர் ‘ஐட்ரோசு’ என்னும் கந்தகம் கலந்த வேதிப்பொருளை மிகுதியாகச் சேர்த்து நிறத்தை வெளுக்கின்றனர். வேறு சிலர் வெள்ளைச் சர்க்கரையையே கலந்து காய்ச்சுகின்றனர். இயல்பாகக் காய்ச்சிய வெல்லம் பெரும்பாலும் சற்றுக் கறுத்தே இருக்கும். கறுப்பைக் கண்டு நாம் ஒதுக்கினால், நேர்மையான உழவரைத் தண்டித்தவர் ஆவோம். வெளுப்பைக் கண்டு மயங்கினால், முறைகேட்டை வளர்த்தவர் ஆவோம்.

மாணவ மாணவியரே! வெல்லம் நம் நாட்டின் பழம்பெருங் கலை. உலகிற்கு நாம் கற்பித்த தொழில். சிற்றூர்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு. அதனைப் பெருமையோடு உண்போம், அளவோடு உண்போம். ஆனால் அது செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றாதிருப்போம். ஒரு பொருளைப் பற்றி யாரேனும் நன்மை பல கூறும்போது, ‘எவ்வளவு உண்டால்? எதனோடு உண்டால்? யார் உண்டால்? யாரிடம் கண்டு சொன்னீர்?’ என்னும் நான்கு வினாக்களையும் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெல்லத்தை முன்னிட்டு நீங்கள் கற்கும் அப்பழக்கம், வாழ்நாள் முழுவதும் உங்களுக்குப் பயன்படும்.